புதுப்பிப்பு: சான் ஹோசேயை விட்டு டெக்சஸ் வந்து எட்டு மாதம்

கலிஃபோர்னியாவில் சான் ஹோசே வாடகை கட்டுப்படியாகவில்லை, டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோவுக்கு மாறலாமா என்று போன வருடம் இங்கே கேட்டிருந்தேன். மார்ச்சில் வந்துவிட்டோம். அன்று பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அங்கே வாடகைக்குப் போன பணத்தில் இங்கே சொந்த வீட்டுக்குத் தவணை கட்டுகிறோம். மாநில வருமான வரி கிடையாது. ஆனால் சொத்து வரி எங்கள் வீட்டு மதிப்பில் கிட்டத்தட்ட 2 சதவீதம். போன வாரம் பில்லைப் பார்த்து மனைவி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. வீடு வாங்குபவர்கள் ஹோம்ஸ்டெட் விலக்குக்கு (நாமே குடியிருக்கும் வீட்டுக்கான சொத்து வரிச் சலுகை) மறக்காமல் விண்ணப்பியுங்கள், ஏப்ரல் 30 கெடு.

நான் எதிர்பார்க்காதது மண். இங்கே களிமண். ஆகஸ்ட் வெயிலில் சுவரை ஒட்டி விரல் நுழையும் அளவுக்கு வெடித்துவிட்டது. அப்படியே விட்டால் அஸ்திவாரம் அசையும் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் சொன்னார். தண்ணீர் கசியும் ரப்பர் குழாயை வீட்டைச் சுற்றிப் போட்டிருக்கிறேன். “தென்னங்கன்றுக்கு ஊத்துற மாதிரி வீட்டுக்கு ஊத்துறியேப்பா” என்றார் அம்மா, வீடியோ காலில்.

மகள் முதல் இரண்டு மாதம் பழைய தோழியை நினைத்து அழுதாள். அதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. இப்போது எதிர்வீட்டுப் பெண்ணோடு சைக்கிளில் சுற்றுகிறாள்.

அப்புறம் ஒரு கேள்வி. 2021 பிப்ரவரி பனியில் குழாய்கள் வெடித்த கதையை எல்லோரும் சொல்கிறார்கள். இது எங்களுக்கு முதல் குளிர்காலம். வெளிக்குழாய்க்கு மூடி போட்டால் போதுமா?