டிஸ்லெக்சியா உள்ள மகளுக்கு வாசிக்கும் பேனா வாங்கலாமா? தமிழ்ப் புத்தகத்தை ஃபோன் உளறுகிறது

வைகைக்கரை:
மகள் 8ஆம் வகுப்பு. மாநிலப் பாடத்திட்டம், ஆங்கில வழி. டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு என்று சான்றிதழ் வாங்கியாயிற்று. பாடத்தை நாங்கள் வாசித்துக் காட்டினால் கேள்விக்கு வாயால் டக்கென்று பதில் சொல்கிறாள். தானே வாசித்தால் ஒரு பத்தியிலேயே களைத்துவிடுகிறாள், எழுதச் சொன்னால் அழுகை. பயிற்சிக்குப் போகும் இடத்தில், வரிமேல் ஓட்டினால் வாசித்துக் காட்டும் பேனாவை வாங்கச் சொல்கிறார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அதற்குமுன் ஆண்ட்ராய்டு ஃபோனில் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் செலக்ட் டு ஸ்பீக் வசதியைப் போட்டுப் பார்த்தோம். அறிவியல் பி.டி.எஃப்.பை ஒழுங்காக வாசிக்கிறது. தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தால் ஏதோ மந்திரம் ஓதுகிற மாதிரி இருக்கிறது. ஃபோன் கோளாறா? பேனாதான் வழியா? வீட்டில் பழைய விண்டோஸ் லேப்டாப் ஒன்றும் இருக்கிறது.

எழுத்துருப்பித்தன்:
ஃபோன் மேல் தப்பில்லை சார். அந்த பி.டி.எஃப்.பில் ஒரு வரியை காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தால் அது யூனிகோடுக்கு (எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்து எண்முறை) முந்தைய எழுத்துரு. திரையில் 'அ' தெரியும், உள்ளே வேறு எழுத்தின் எண் இருக்கும். வாசிக்கிற குரல் அந்த எண்ணைத்தான் பார்க்கிறது.

பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, லேப்டாப்பில் வலது கிளிக் செய்து கூகுள் டாக்ஸில் திறங்கள். படத்தில் உள்ள எழுத்து யூனிகோடாக வந்துவிடும். படம் 2 எம்.பி.க்குள் இருக்கட்டும். பெட்டிச்செய்தி உள்ள பக்கங்களில் வரிசை குழம்பும், நீங்கள் ஒருமுறை பார்த்துச் சரிசெய்ய வேண்டும். அப்புறம் அதை வலைப்பக்கமாக டவுன்லோடு செய்து எட்ஜ் உலாவியில் திறந்து, வாசித்துக் காட்டும் ரீட் அலவுட் வசதியைக் கொடுங்கள். பல்லவி, வள்ளுவர் என்று இரண்டு தமிழ்க் குரல்கள் உண்டு, இணையம் வேண்டும். திரும்பவும் பி.டி.எஃப். ஆக்கிவிடாதீர்கள், கொம்பும் காலும் இடம் மாறிப்போகும் வாய்ப்பு அதிகம்.

மஞ்சள்வெயில்:
நிறக் கண்ணாடித்தாளை பக்கத்தின் மேல் வைத்தால் எழுத்து ஆடாது என்கிறார்களே, அது மலிவாயிற்றே?

சிறப்பாசிரியை:
மலிவுதான், ஆனால் பலனுக்கு ஆதாரம் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் கண் மருத்துவர் அமைப்புகளோடு சேர்ந்து 2009இலேயே அப்படித்தான் சொன்னது.

வைகைக்கரை சார், பேனா விற்பவரிடம் தமிழ் வாசிக்குமா என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் ஆங்கிலமும் ஐரோப்பிய மொழிகளும்தான் இருக்கும். வரி தப்பாமல் கையை ஓட்டவும் வேண்டும், எழுதவே சிரமப்படுகிற பிள்ளைக்கு அது வேறு ஒரு வேலை. இந்த மாதிரி உதவிக் கருவியைத் தேர்ந்தெடுக்க ஜாய் ஜபாலா என்பவர் வகுத்த 'செட்' முறையில் மாணவர், சூழல், செய்யவேண்டிய வேலை என்று மூன்றையும் பார்த்த பிறகுதான் கருவிப் பேச்சே வரும். உங்கள் மகளுக்குக் கேட்டால் புரிகிறது. அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் கேட்டே படிக்கட்டும். வாசிப்புப் பயிற்சி தனியாக நடக்கட்டும், அதை நிறுத்தவேண்டாம்.

எனக்கு அதைவிடக் கவலை எழுத்துதான். 10ஆம் வகுப்புப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு என்று சலுகைகள் உண்டு. பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் இன்னொருவர் எழுத விடையைச் சொல்வது தனித் திறமை. முழு வாக்கியமாக, எங்கே பத்தி, எங்கே தலைப்பு என்று சொல்லத் தெரியவேண்டும். பழக்கமில்லாத பிள்ளைகள் அங்கே திணறுகிறார்கள். ஃபோனில் ஜிபோர்டு என்ற கூகுள் விசைப்பலகையில் மைக்கைத் தட்டி விடையைச் சொல்லிப் பழகுவது அதற்கும் ஒத்திகை. தமிழிலும் எழுதும், நிறுத்தற்குறிகளைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

வைகைக்கரை:
ஒட்டிப் பார்த்தேன், அரைப்புள்ளிகள்தான். டாக்ஸ் வழி வேலை செய்கிறது. உரைநடை நன்றாக வருகிறது, செய்யுள் பக்கத்தை மட்டும் கையால் திருத்தினேன். வேகத்தைக் குறைத்து வைத்துக் கேட்கிறாள். மைக்கில் "அப்புறம் வந்து..." என்பதையும் அது எழுதிவிட, அவளுக்கே சிரிப்பு. பேனாவைத் தள்ளிப்போட்டுவிட்டோம். கணக்குக்கு என்ன செய்வது மேடம்?

சிறப்பாசிரியை:
கணக்குக்குக் குரலை நம்பவேண்டாம் சார். அடுக்குக்குறியை சாதாரண எண்ணாக வாசித்துவிடும், பின்னம் மேலும் கீழும் பிரிந்துபோகும். வாக்கியக் கணக்கை மட்டும் அதில் கேட்கட்டும், மற்றதை நீங்கள் வாசித்துக் கொடுங்கள்.