வாடாமல்லி முதல் வரியில் எதற்கு?

தாமிரபரணி

நேற்று நம் வாசகர் குழுவில் ஒருவர் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போனார்: "எல்ஜிபிடி புத்தகம் என்றால் ஒன்று அழுகாச்சித் தன்வரலாறு, இல்லாவிட்டால் கடைசி அத்தியாயத்தில் சாவு. பரிந்துரைக்க அதில் என்ன இருக்கிறது?" தன்பால் விருப்பம் உள்ளவர்கள், திருநங்கைகள் போன்றவர்களைப் பற்றிய புத்தகங்களைத்தான் அப்படிச் சொன்னார். நாற்பது வருடமாகப் படிக்கிறவன் நான். ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நாவலா? சு. சமுத்திரத்தின் வாடாமல்லியில் ஆரம்பியுங்கள். பொறியியல் படிக்கப் போன சுயம்பு, மேகலை ஆகிற கதை. 'திருநங்கை' என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத தொண்ணூறுகளில் எழுதியது. சிறுகதை என்றால் கி.ரா.வின் கோமதி. சமையல் வேலை செய்யும் கோமதி செட்டியாரின் ஆசையை ஆசையாகவே எழுதினார். உருதுவில் இஸ்மத் சுக்தாயின் லிஹாஃப், 1942. ஒரு பேகம், அவளுடைய வேலைக்காரி, ஒரு ரஜாய், அதாவது பஞ்சு வைத்துத் தைத்த போர்வை. இருட்டில் அது யானை மாதிரி அசைகிறது, பார்த்துக்கொண்டிருப்பது ஒரு சிறுமி. இதற்காக சுக்தாயை லாகூர் நீதிமன்றம் வரை இழுத்தார்கள்.

துப்பறியும் கதைதான் வேண்டும் என்பவர்களுக்கு ஜோசப் ஹான்சன், 1970இல் வந்த ஃபேட்அவுட். நாயகன் டேவ் பிரான்ட்ஸ்டெட்டர் காப்பீட்டு நிறுவனத்துக்காக இறப்புக் கோரிக்கைகளை விசாரிப்பவர். ஆண்களை விரும்புகிறவர், அதற்காக யாரிடமும் கூனிக்குறுகி நிற்பதில்லை. பேய்க்கதைக்கு கார்மில்லா, 1872. டிராகுலாவுக்கு 25 வருடம் முன்பே ஒரு பெண் ரத்தக்காட்டேரி இன்னொரு பெண்ணைத் தேடி வந்துவிட்டாள். அறிவியல் புனைவுக்கு உர்சுலா லெ குவினின் தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ், 1969. கெதன் என்ற பனிக்கிரகம், அங்கே யாரும் நிரந்தரமாக ஆணுமில்லை பெண்ணுமில்லை.

கவிதைக்கு கவாஃபி. அலெக்சாண்ட்ரியாவில் பாசனத் துறை அலுவலகத்தில் முப்பது வருடம் குமாஸ்தா வேலை பார்த்த மனிதர். எழுதிய கவிதைகளைத் தாள்தாளாக அச்சடித்து நண்பர்களிடம் கொடுத்தார். முழுத் தொகுப்பு வந்தது அவர் இறந்த பிறகு, 1935இல். இளமையில் ஓர் அறையில் கழிந்த ஒரு மதியத்தை ஐம்பது வயதில் நினைத்துப் பார்க்கிற கவிதைகள். இதில் அழுகாச்சி எங்கே இருக்கிறது?

செங்காந்தள்

பட்டியலைப் பார்த்தேன் ஐயா. முதல் வரியே வாடாமல்லி. எழுதியவர் திருநங்கையா? இல்லை. பிறகு ஏன் முதல் வரி?

ரேவதி அம்மாவின் உணர்வும் உருவமும் 2004இல் வந்தது. லிவிங் ஸ்மைல் வித்யாவின் நான் வித்யா இருக்கிறது. பிரியா பாபு 2008இல் மூன்றாம் பாலின் முகம் என்று நாவலே எழுதிவிட்டார். கல்கி சுப்ரமணியத்தின் குறி அறுத்தேன் கவிதைத் தொகுப்பு இருக்கிறது. இத்தனையும் இருக்க, அலெக்சாண்ட்ரியா குமாஸ்தா வரை போன உங்களுக்கு இவர்களில் ஒருவர்கூட ஞாபகம் வரவில்லையா?

தாமிரபரணி

அம்மா, ஒரு விஷயம். அந்த மனிதர் "தன்வரலாறு தவிர என்ன இருக்கிறது" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லத்தான் தன்வரலாறு அல்லாதவற்றை எழுதினேன். ரேவதி, வித்யா புத்தகங்கள் இரண்டும் என் அலமாரியில் இருக்கின்றன, அடிக்கோடு போட்டுப் படித்திருக்கிறேன்.

வாடாமல்லி முதல் வரியில் வந்ததற்குக் காரணம், அது முதலில் வந்தது.

செங்காந்தள்

கல்கியின் கவிதை தன்வரலாறா? பிரியா பாபுவின் நாவல் தன்வரலாறா? கேட்டதற்குப் பதில் வரவில்லை. அடிக்கோடு போட்டீர்களா என்று நான் கேட்கவே இல்லை.

எழுதியவர் யார்? அதுதான் என் கேள்வி.

கொழும்புக்காரி

அண்ணே, நீங்கள் ஷியாம் செல்வதுரையை விட்டிட்டீங்கள். ஃபன்னி பாய், 1994. ஆறு கதைகள் சேர்ந்த நாவல். ஆர்ஜி எண்ட சின்னப் பெடியன் மச்சாள்மாரோடு சேர்ந்து சீலை கட்டி மணப்பெண் விளையாட்டு விளையாடுவான், பெரியாக்கள் பிடித்து வெளியில தள்ளிவிடுவினம். அங்க தொடங்கி 1983 கலவரத்தில் போய் முடியும். அதைவிட என்ன வேணும்?

பனையோலை

ஆங்கிலத்தில் எழுதியது. தமிழ்ப் பட்டியலில் எப்படி வரும்?

கொழும்புக்காரி

கவாஃபி கிரேக்கத்தில் எழுதினவர். அது வரலாமாம், எங்கட கதை வரக்கூடாதாம். 83இல் எரிஞ்சது தமிழ் வீடுகள்தானே. ஆர்ஜியின்ட வீடும் அதில ஒண்டு. நீங்கள் முதலில் புத்தகத்தைப் படிச்சிட்டுக் கதையுங்கோ.

பனையோலை

நான் மொழியைப் பற்றித்தான் சொன்னேன். கலவரத்தைப் பற்றிச் சொல்லவில்லை. எதற்கு இவ்வளவு கோபம்?

தாமிரபரணி

கொழும்புக்காரி தங்கச்சி சொல்வது சரி, சேர்த்துக்கொள்கிறேன். விட்டது என் தவறு.

ஆனால் 'எழுதியவர் யார்' என்ற கேள்விக்கு வருகிறேன். அதை நான் விடுவதாக இல்லை.

தி பிரைஸ் ஆஃப் சால்ட் என்று ஒரு நாவல், 1952. கடையில் பொம்மை விற்கும் ஒரு பெண்ணும், வாங்க வந்த ஒரு பெண்ணும். கடைசியில் யாரும் சாகவில்லை, பைத்தியம் பிடிக்கவில்லை. அந்தக் காலத்தில் அதுவே பெரிய விஷயம். அட்டையில் இருந்த பெயர் கிளேர் மார்கன். உண்மையில் எழுதியவர் பட்ரீஷியா ஹைஸ்மித். பல பத்தாண்டுகள் அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. 1952இல் நீங்கள் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்து "எழுதியவர் யார்" என்று கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும்?

ஈ. எம். ஃபார்ஸ்டர் மோரிஸ் நாவலை 1913-14இல் எழுதினார். இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழப் போகிறார்கள் என்று முடித்தார். முடிவு மகிழ்ச்சியாக இருந்ததாலேயே வெளியிட முடியவில்லை. அவர் இறந்த பிறகு 1971இல்தான் அச்சுக்கு வந்தது. ஐம்பது வருடத்துக்கு மேல் ஒருவர் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார். எழுதியவர் தன்னை யாரென்று சொல்லிக்கொள்ள முடியாத காலங்கள் இருந்தன. நம் ஊரில் ஒரே பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் சட்டப்பிரிவை உச்ச நீதிமன்றம் தளர்த்தியதே 2018 செப்டம்பரில்தான். அதற்கு முன்பு தமிழில் எழுதிய எத்தனை பேர் மூச்சுவிடாமல் இருந்தார்களோ! எழுதியவரின் அடையாளச் சான்றிதழைக் கேட்டுவிட்டுத்தான் படிப்பேன் என்றால் பாதி இலக்கியம் கையைவிட்டுப் போகும்.

சுக்தாய் மட்டும்? கணவரும் குழந்தைகளும் உள்ள பெண். லிஹாஃபை நீக்கிவிடலாமா? லெ குவினை?

செங்காந்தள்

பயந்து ஒளிந்திருந்தவரையும் வெளியே இருந்து பார்த்து எழுதியவரையும் ஒரே தட்டில் வைக்கிறீர்கள். ஃபார்ஸ்டர் தன் வாழ்க்கையை எழுதி மறைத்தார். சமுத்திரம் எங்கள் வாழ்க்கையை எழுதி வெளியிட்டார். இரண்டும் ஒன்றா?

நீக்கச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? காட்டுங்கள். ஏன் முதல் வரி என்றுதான் கேட்டேன். இப்போதும் கேட்கிறேன்.

மழைத்தாள்

இரண்டு பேருக்கும் நடுவே வருவதற்கு மன்னிக்கவும். கெதன் கிரகத்து மனிதர்களை எல்லாம் லெ குவின் ஆங்கிலத்தில் 'அவன்' என்றே எழுதினார், அதற்காக நிறையத் திட்டும் வாங்கினார். தமிழில் கொண்டுவந்தால் அந்தச் சிக்கலே இல்லை. 'அவர் வந்தார்' என்று எழுதிவிட்டுப் போகலாம். யாராவது மொழிபெயர்த்தால் முதல் பிரதி எனக்கு.

பனையோலை

'அவர்' மரியாதைச் சொல். ராஜாவும் அவர், சிறையில் கிடப்பவரும் அவர் என்றால் வாசகனுக்குக் குழப்பம். மொழிபெயர்ப்பு என்றால் என்னவென்று தெரியாமல் பேச வேண்டாம்.

மழைத்தாள்

பனையோலை, போன வருடம் ஃபிங்கர்ஸ்மித் பற்றிக் கேட்டபோது பாதிக் கதையில் வரும் திருப்பத்தை முன்கூட்டியே போட்டு உடைத்தவர் நீங்கள். சாரா வாட்டர்ஸ் அத்தனை பக்கம் பொறுமையாகக் கட்டிக் கொண்டுவந்ததை ஒரே வரியில் கொட்டிவிட்டீர்கள். இன்றுவரை அந்தப் புத்தகத்தை என்னால் எடுக்க முடியவில்லை. வாசகனுக்குக் குழப்பம் வருமென்று நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

பனையோலை

2002இல் வந்த புத்தகம். 2016இல் கொரியாவில் படமாகவே வந்துவிட்டது. இன்னும் படிக்கவில்லை என்றால் அது என் குற்றமா?

தாமிரபரணி

தம்பிகளா, அதை வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

செங்காந்தள் அம்மாவுக்கு: 1995. திருநெல்வேலி பக்கம் ஒரு கிளை நூலகம். என் சித்தப்பா மகன், பெயர் வேண்டாம், பத்தொன்பது வயது. வீட்டில் அடி, தெருவில் கேலி. அவன் கையில் வாடாமல்லியைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். மூன்று நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. நான்காம் நாள் வந்து, "அண்ணே, இப்படி வேற ஆளுங்களும் இருக்காங்களா?" என்று கேட்டான். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றைக்கு அவனிடம் கொடுக்க ரேவதி அம்மாவின் புத்தகம் இல்லை. அது வர இன்னும் ஒன்பது வருடம் இருந்தது. இந்த ஒரு புத்தகம்தான் இருந்தது. முதல் வரியில் அதைப் போடாமல் எதைப் போடுவேன்?

செங்காந்தள்

உங்கள் தம்பிக்காக நிஜமாகவே சந்தோஷப்படுகிறேன். இப்போது அவர், அல்லது அவள், நன்றாக இருக்க வேண்டும்.

நானும் அதே நூலக வயதில் அதே புத்தகத்தைப் படித்தேன். என் கையில் கொடுத்தவர் என் வாத்தியார். கொடுத்துவிட்டு வகுப்பில் எல்லோர் முன்னாலும் என்னை 'மேகலை' என்று கூப்பிட ஆரம்பித்தார். மொத்த வகுப்பும் கூப்பிட்டது. மூன்று வருடம். புத்தகத்தின் குற்றம் அதில் இல்லை, தெரியும். ஆனால் நான் வித்யாவைக் கையில் எடுத்த அன்று, அட்டையிலேயே 'நான்' என்று இருந்தது. நான் என்று ஒருத்தி சொல்லலாம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. உங்களுக்கு முதல் வரி அது. எனக்கு முதல் வரி இது. நீங்கள் உங்கள் முதல் வரியை எல்லோருக்கும் முதல் வரியாக்குகிறீர்கள்.

கொழும்புக்காரி

அக்கா, இதைப் படிச்சு அழுதிட்டன்.

பனையோலை

நான் வித்யா கன்னடத்தில் படமாக வந்து, நடித்தவருக்குத் தேசிய விருதே கிடைத்தது. நடித்தவர் திருநங்கை இல்லையே! அப்போது யாரும் "நடித்தவர் யார்" என்று கேட்கவில்லையா?

செங்காந்தள்

கேட்டோம். உங்களுக்குக் கேட்கவில்லை.

மழைத்தாள்

சிறப்பு அக்கா. பனையோலைக்கு எந்தப் படத்தையும் முழுதாகச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

தாமிரபரணி

அந்த வாத்தியாரை நினைத்தால் கை நடுங்குகிறது. அது அயோக்கியத்தனம். அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

ஆனாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். சமுத்திரம் சாகித்ய அகாதமி வாங்கிய எழுத்தாளர். ஊரெல்லாம் கேலி செய்த காலத்தில், தன் பெயரைப் பணயம் வைத்து எழுதினார். கேலி செய்தவன் கையில் புத்தகம் சிக்கியதற்கு எழுதியவர் என்ன செய்வார்? பட்டியல் கால வரிசைப்படி போட்டது. கால வரிசையை மாற்ற மாட்டேன்.

செங்காந்தள்

கால வரிசையா? கார்மில்லா 1872 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது நடுவில் கிடக்கிறது. கவாஃபி கடைசியில். எந்தக் கால வரிசை ஐயா இது?

தாமிரபரணி

தமிழ்ப் புத்தகங்களுக்குள் கால வரிசை என்று அர்த்தம்.

செங்காந்தள்

வாடாமல்லிக்குப் பிறகு கோமதி வருகிறது. கி.ரா. கோமதியை எழுதியது அதற்கு எத்தனை வருடம் முன்னால்?

மழைத்தாள்

ஐயா?

தாமிரபரணி

கோமதி சிறுகதை. நாவலும் சிறுகதையும் வேறு வேறு வகை. நாவல்களில் வாடாமல்லிதான் முதல் வரி. நாளைக் காலையில் நாடகம், காமிக்ஸ், செய்யுள் நாவல் எல்லாம் சேர்த்துப் பெரிய பட்டியல் போடுகிறேன். விக்ரம் சேத்தின் தி கோல்டன் கேட் மட்டுமே 590 சானெட் (பதினான்கு வரிச் செய்யுள்), அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அதிலும் வாடாமல்லி அதே இடத்தில்தான் இருக்கும்.

செங்காந்தள்

போடுங்கள். நானும் ஒன்று போடுகிறேன்.

கொழும்புக்காரி

ரெண்டிலயும் ஃபன்னி பாய் இருக்கோணும், சொல்லிட்டன்.

பனையோலை

தமிழ்ப் பட்டியல் என்றால் இருக்கக் கூடாது.