தரங்கம்பாடிக்கு வந்து பிள்ளைகளிடம் பேச யாராவது இருக்கீங்களா?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மயிலாடுதுறை பக்கம் கிராமத்துச் சபை எங்களுது. சம்பா அறுவடை முடிஞ்சதும் வாலிபப் பிள்ளைகளைத் தரங்கம்பாடிக்குக் கூட்டிட்டுப் போறோம். 1706-ல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் இருபது சொச்ச வயசுல வந்து இறங்கின கரை. தமிழ் கத்துக்கிட்டு, 1715-க்குள்ள புதிய ஏற்பாட்டையே அச்சுல கொண்டுவந்துட்டார் மனுஷன்!

நம்ம பிள்ளைங்க பலர் திருச்சியைத் தாண்டினதில்லை. வெளிநாடுன்னா வளைகுடா வேலை மட்டும்தான் தெரியும்.

வட இந்தியாவிலோ வெளிநாட்டிலோ ஊழியம் செஞ்சவங்க, லோகோஸ் ஹோப் புத்தகக் கப்பல்ல இருந்தவங்க யாராவது வந்து பேச முடியுமா? சாட்சி மட்டும் போதாது; விசா, செலவு, வீட்டுல எப்படிச் சம்மதிக்க வச்சீங்கன்னும் சொல்லணும். பெத்தவங்களும் வர்றாங்க, அவங்க கேள்விதான் கஷ்டமா இருக்கும். பயணச் செலவும் சாப்பாடும் சபை பொறுப்பு. இன்பாக்ஸ்ல சொல்லுங்க.