மறுமொழி: ரவுண்டட் டிஸ்ப்ளே எழுத்துருவுக்குத் தமிழ்? (வியாழனுக்குள்)

ந. எழுதியது:
வணக்கம். வியாழக்கிழமை வடிவமைப்பு மாணவர்களுக்கு எழுத்துருப் பாடம். வாக் ரவுண்டட் (VAG Rounded) என்ற எழுத்துரு பற்றி ஒரு பக்கக் கைக்குறிப்பு தர வேண்டும். 1979இல் ஃபோக்ஸ்வாகனுக்காகச் செய்தது. ஆப்பிள் மடிக்கணினி விசைகளில் பல ஆண்டுகள் இருந்ததும் இதுதான். 'போல்ட்' தடித்த என்றாகிவிட்டது. 'ரவுண்டட்', 'டிஸ்ப்ளே' (தலைப்பு, பலகைக்கென்று பெரிதாகப் போடுகிற எழுத்து) இரண்டிலும் சிக்கிக்கொண்டேன். 'வட்டக் காட்சி எழுத்துரு' என்று எழுதிப் பார்த்தால் கண் மருத்துவமனைப் பலகை போல இருக்கிறது.

கு.மு. எழுதியது:
'வட்ட' வேண்டாம் அம்மா. வட்டெழுத்து என்று நமக்கு ஒரு வரிவடிவமே உண்டு, மாணவர் குழம்புவர். அது வட்டத்திலிருந்து வந்ததா என்பதே கேள்வி. வட்டம் + எழுத்து புணர்ந்தால் மகர ஈறு கெட்டு, வகர உடம்படுமெய் ஏறி, வட்டவெழுத்து ஆக வேண்டும். வட்டெழுத்து வர நிலைமொழி வட்டு. வெட்டெழுத்து, வடவெழுத்து என்போரும் உண்டு. என் கட்சி வட்டுதான். வட்டில், வட்டை எல்லாம் அதன் உறவு. நாளை விரிவாக எழுதுகிறேன்.

ந. எழுதியது:
ஐயா, வியாழன்!

செ. எழுதியது:
முதலில் பொருளைப் பார்ப்போம். ரவுண்டட் என்றால் எழுத்தே வட்டம் என்றில்லை. பால் ரென்னரின் ஃபியூச்சுரா எழுத்துருவில் (1927) ஆங்கில 'O' கிட்டத்தட்ட வட்டம். ஆனால் கோட்டு முனைகள் நறுக்கினாற்போல நிற்கும். அது வடிவியல் எழுத்துரு, அவ்வளவே. வாக் ரவுண்டடில் முனையே உருண்டை, ஒவ்வொரு கோடும் கேப்ஸ்யூல் மாத்திரை மாதிரி. அதனால் 'மழுங்குமுனை' என்பேன். டிஸ்ப்ளேக்கு நாளிதழ்க்காரர் சொல்லே இருக்கிறதே, கொட்டை எழுத்து! இந்தத் தடிமனில் ணகரத்தைச் சிறிதாக அடித்துப் பாருங்கள், சுழியெல்லாம் அடைத்துக்கொள்ளும். பெயர்ப்பலகைக்கும் தலைப்புக்கும்தான் லாயக்கு.

த. எழுதியது:
மழுங்கல் கத்திக்கும் மூளைக்கும் வருகிற குறை. 'குமிழ்முனை' சொல்லலாம் என்று பார்த்தால், இங்கே யாழ்ப்பாணத்தில் அது பால்பாயின்ட் பேனை. 'உருள்முனை' எப்படி?

கு.மு. எழுதியது:
உருள்முனை வினைத்தொகை. உருண்ட, உருள்கின்ற, உருளும் முனை. எழுத்து ஓடிவிடாதா? கொட்டை எழுத்தோ கொச்சை.

செ. எழுதியது:
ஊறுகாயும் வினைத்தொகைதான் ஐயா, யாரும் இலக்கணம் பார்த்துத் தொட்டுக்கொள்வதில்லை. கொட்டை எழுத்தில் எனக்குள்ள சங்கடம் வேறு. ஃபேஷன் இதழ்த் தலைப்பு மயிரிழை மாதிரி இருக்கும், அதுவும் டிஸ்ப்ளேதான். 'மெல்லிய கொட்டை எழுத்து' என்று எழுத முடியுமா? என் வாக்கை நானே திரும்பப் பெறுகிறேன்.

ந. எழுதியது:
சரி, உருள்முனைக்கு நான்கு பேர், மழுங்குமுனைக்கு ஒருவர், மற்றவர்கள் தூங்கப் போய்விட்டார்கள். 'தடித்த உருள்முனைத் தலைப்பெழுத்து' என்று போட்டு இன்று காலை அறுபது படி எடுத்தாயிற்று. எல்லோருக்கும் நன்றி.

த. எழுதியது:
அக்கா, தலைப்பெழுத்து என்றால் பெயருக்கு முன்னால் போடுகிற எழுத்தல்லவா? நாங்கள் எல்லோரும் இங்கே கையெழுத்து வைப்பதே அதில்தானே!

ந. எழுதியது:
அறுபது படி, தம்பி.

கு.மு. எழுதியது:
வாக்களித்தபடி, 'வட்டு' - பகுதி 1.