வைஃபை 6 ரூட்டர் வாங்கி பல்பு வாங்கின கதை

மொட்டைமாடி:
போன மாசம் 40ல இருந்து 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினேன், அதுக்கேத்த மாதிரி ரூட்டரும் புதுசா இருக்கட்டும்னு வைஃபை 6 (வைஃபையோட 6வது தலைமுறை) ஒண்ணு வாங்கிட்டேன், பழசு 2014ல வாங்குன 802.11என் (4வது தலைமுறை), 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான். மாட்டினதும் போன்ல 280 காட்டுச்சு, ஆஹான்னு இருந்துச்சு. லேப்டாப்ல பாத்தா அதே 40. கஸ்டமர் கேர்ல ரெண்டு நாள் சண்டை வேற போட்டேன். கடைசில பாத்தா லேப்டாப்ல இருக்கறதே ஒத்தை ஆண்டெனா 802.11என் கார்டு, 20 மெகாஹெர்ட்ஸ் அகல சேனல்ல அதோட லிங்க் ஸ்பீடே (ரூட்டரோட பேசற வேகம்) 72தான், கைக்கு வர்றது அதுல பாதிக்குக் கொஞ்சம் மேல. ரூட்டர் பாவம் என்ன பண்ணும்.

இதுல ஹால்ல இருக்க ஸ்மார்ட் பல்பு கனெக்ட்டே ஆகல. நான் பெரிய இவனாட்டம் டபிள்யூபிஏ3 (புது வைஃபை பாதுகாப்பு முறை) மட்டும்னு வச்சிருந்தேன், பல்புக்கு பழைய டபிள்யூபிஏ2தான் தெரியும். ரெண்டும் கலந்த மோடுக்கு மாத்தினேன், எரிஞ்சுது.

காரைக்குடி மருமக:
அண்ணே பழசை தூக்கிப் போட்றாதீங்க. எங்க வீட்டுச் சுவர் ரெண்டடி மொத்தம், முகப்புல வச்ச புது ரூட்டரோட 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் ரெண்டாம் கட்டுக்கே வரல, மாமியார் சீரியல் சுத்திக்கிட்டே நிக்கும், அந்தப் பேச்சை யாரு கேக்குறது. பழைய 802.11என் ரூட்டரை அடுப்படிப் பக்கம் வச்சு, டிஹெச்சிபியை (டிவைஸுக்கெல்லாம் ஐபி அட்ரஸ் குடுக்கற வேலை) ஆஃப் பண்ணி, புதுசோட லேன் போர்ட்ல இருந்து பழசோட லேன் போர்ட்டுக்கு கேபிள் இழுத்துட்டேன். பழசுல போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான், வைஃபைல ஒரு 60 வரும். சீரியலுக்கு தாராளம்.

வேளச்சேரி 3வது மாடி:
சகோ, உங்க தனி வீட்டுக்கு அது சரி. எங்க அபார்ட்மென்ட்ல ஸ்கேன் பண்ணா 2.4ல இருபத்து சொச்சம் நெட்வொர்க், ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் 1, 6, 11னு மூணுதான், அத்தனை பேரும் அதுலயே அடிச்சுக்கறாங்க, ராத்திரி 9 மணிக்கு வாட்ஸ்அப் கால் கூட விட்டு விட்டு கேக்கும். நான் செகண்ட் ஹேண்ட்ல 802.11ஏசி (வைஃபை 5) ரூட்டர்தான் எடுத்தேன் (ஏசின்னதும் அப்பா கரன்ட் பில் ஏறுமேன்னாரு), 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினதும் நிம்மதி. வீட்ல பதினஞ்சு இருபது டிவைஸ் ஒரே நேரத்துல ஓடுனா வைஃபை 6 எடுங்க, நாலு போனுக்கு என்னத்துக்கு?

மொட்டைமாடி:
வாங்கியாச்சே சகோ, இனி என்ன பண்றது. லேப்டாப்பை கழட்டிப் பாத்தேன், வைஃபை கார்டு மாட்டறது பழைய ஹாஃப் மினி கார்டு ஸ்லாட், ஆண்டெனா ஒயரும் ஒண்ணுதான். ஏசி கார்டு போட்டா 433 லிங்க் வருமாம். ஆர்டர் போட்டாச்சு, வந்ததும் சொல்றேன்.