எக்செலில் இருந்து மாற வேண்டும்: டெஸ்ட்ரெயிலா, எக்ஸ்ரேயா, வேறு ஏதாவதா?

விடைதேடி:
வணக்கம். எங்கள் டீமில் டெஸ்டர்கள் 6 பேர், டெவலப்பர்கள் 30 பேருக்கு மேல். பக், ஸ்டோரி (செய்ய வேண்டிய அம்சத்தின் குறிப்பு) எல்லாம், வேலைகளைப் பதிந்து பின்தொடரும் ஜிரா கிளவுடில் இருக்கிறது. டெஸ்ட் கேஸ்கள் மட்டும் இன்னும் எக்செலில்தான், சுமார் 1,400 இருக்கும். ஒவ்வொரு ரிலீஸுக்கும் போன முறை ஷீட்டைக் காப்பி எடுத்து, பாஸ், ஃபெயில் பத்தியை அழித்துவிட்டு மறுபடி நிரப்புகிறோம். க்ரோமுக்கு ஒரு ஷீட், ஃபயர்ஃபாக்ஸுக்கு ஒன்று. யாராவது ஒரு காப்பியில் ஸ்டெப்பைத் திருத்தினால் மற்றவற்றுக்கு அது போய்ச் சேராது. "இந்தப் பேமென்ட் ஃப்ளோவை எந்த பில்டில் (மென்பொருளின் எந்தப் பதிப்பில்), எந்த பிரவுசரில் சோதித்தீர்கள்?" என்று மேனேஜர் கேட்டால் ஷீட் ஷீட்டாகத் தேட வேண்டியிருக்கிறது.

டெஸ்ட் கேஸ்களை நிர்வகிக்கும் மென்பொருளான டெஸ்ட்ரெயிலை ட்ரையல் எடுத்து, ஷீட்டை சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு) இம்போர்ட் செய்து பார்த்தேன். தமிழில் எழுதிய எதிர்பார்ப்பு முடிவுகள் எல்லாம் கேள்விக்குறிகளாக வந்தன. ஒரே கேஸின் 5 ஸ்டெப்களும் 5 தனித்தனி கேஸ்களாக உட்கார்ந்துகொண்டன. இது மென்பொருளின் குறையா, நான் கொடுத்த விதமா என்று தெரியவில்லை. அதே வேலையை ஜிராவுக்குள்ளேயே செய்யும் எக்ஸ்ரே ஆப்புக்குப் போய்விடலாமா என்றும் யோசனை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழையஅனுபவம்:
மென்பொருளின் பெயருக்குப் போகும் முன் ஒன்று. உங்கள் ஷீட்டில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. 'எதைச் சோதிக்க வேண்டும்' என்பது டெஸ்ட் கேஸ். 'இந்த பில்டில், இந்த பிரவுசரில் சோதித்தபோது என்ன ஆனது' என்பது டெஸ்ட் ரன். கேஸ் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ரன் எத்தனை வேண்டுமானாலும் வரலாம். எக்செலில் இந்த இரண்டையும் பிரிக்க வழி இல்லாததால்தான் காப்பி எடுக்க வேண்டி வருகிறது. நீங்கள் பெயர் சொன்ன இரண்டுமே இதைச் சரியாகப் பிரிக்கின்றன, அதனால் அந்த வகையில் எதை எடுத்தாலும் நிம்மதிதான்.

பிரவுசர் விஷயத்துக்கு: டெஸ்ட்ரெயிலில் 'டெஸ்ட் பிளான்' என்று ஒன்று இருக்கிறது. அதில் கான்ஃபிகரேஷனாக க்ரோம், ஃபயர்ஃபாக்ஸ் என்று கொடுத்தால், அதே கேஸ்களுக்கு ஒவ்வொன்றுக்கும் தனி ரன் உருவாகும். எக்ஸ்ரேயில் இதை 'டெஸ்ட் என்விரான்மென்ட்' மூலம் செய்யலாம். மேனேஜர் கேட்கும் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

அப்புறம், தேர்வு செய்பவர்கள் பெரும்பாலும் அம்சங்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு டிக் அடிப்பார்கள். அதைவிட, உங்கள் ரிக்ரஷனில் (பழைய அம்சங்கள் கெடவில்லையா என்று மறுபடி பார்க்கும் சோதனையில்) ஒரு பகுதியை, உதாரணமாகப் பேமென்ட்டை மட்டும், இரண்டிலும் ஏற்றி, உண்மையான ஒரு ரிலீஸில் ஓட்டிப் பாருங்கள். நாள் முழுவதும் ரிசல்ட் போடும் டெஸ்டருக்கு எது கைக்கு வருகிறது என்று அப்போதுதான் தெரியும். அவர் விரும்பாத மென்பொருளை வாங்கினால் ஒரு மூலையில் எக்செல் மறுபடி முளைத்துவிடும்.

கோப்புக்காரர்:
இம்போர்ட் சிக்கல் இரண்டுக்கும் தீர்வு இருக்கிறது.

கேள்விக்குறி வருவது எக்செல் சேமிக்கும் விதத்தால். விண்டோஸில் வெறும் 'சிஎஸ்வி' என்று சேமித்தால் தமிழ் எழுத்துகள் அந்த இடத்திலேயே போய்விடும், இம்போர்ட்டில் என்ன செய்தாலும் திரும்ப வராது. சேமிக்கும்போது 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள், யூடிஎஃப்-8 என்பது தமிழையும் தாங்கும் எழுத்துக் குறியீட்டு முறை (என்கோடிங்). டெஸ்ட்ரெயிலின் இம்போர்ட் திரையிலும் கோப்பின் என்கோடிங்கைக் கேட்கும், அங்கேயும் யூடிஎஃப்-8 தான் என்று உறுதி செய்யுங்கள்.

ஸ்டெப்கள் தனிக் கேஸாக வருவதற்குக் காரணம், ஒரு வரி ஒரு கேஸ் என்ற அமைப்பில் விட்டிருப்பீர்கள். அதே திரையில் ஒரு கேஸ் பல வரிகளில் வரும் என்பதற்கும் ஒரு தேர்வு உண்டு. அதைப் போட்டுவிட்டு, புதிய கேஸ் எங்கே தொடங்குகிறது என்பதை அறியத் தலைப்புப் பத்தியைக் காட்டுங்கள். தலைப்பு முதல் வரியில் மட்டும் இருக்க வேண்டும், அடுத்த ஸ்டெப் வரிகளில் காலியாக இருக்க வேண்டும். டெம்ப்ளேட்டும் ஸ்டெப்கள் தனித்தனியாக உள்ள வகையாக இருக்கட்டும். முதலில் 10 கேஸ் மட்டும் ஏற்றிப் பாருங்கள். 1,400-ஐயும் ஏற்றிவிட்டு அழிப்பது பெரும்பாடு.

கணக்குப்பார்வை:
எக்ஸ்ரே பக்கம் போகும் முன் லைசென்ஸைப் பாருங்கள். ஜிரா கிளவுடில் மார்க்கெட்ப்ளேஸில் (ஜிராவுக்கான ஆப் கடையில்) காசு கொடுத்து வாங்கும் ஆப் என்றால், பொதுவாக அந்த ஜிராவில் எத்தனை பயனர்களோ அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான் கட்டணம். டெஸ்டர்கள் 6 பேர்தான் தொடுவார்கள் என்றாலும் டெவலப்பர்களும் கணக்கில் வருவார்கள். ஜிராவுக்கான இன்னொரு டெஸ்ட் ஆப்பான செஃபிருக்கும் இதே கதை. டெஸ்ட்ரெயில் தனி மென்பொருள் என்பதால் அதில் கணக்கு உள்ளவர்களுக்கு மட்டும்தான். டீம் வளர வளர இந்த வித்தியாசமும் பெரிதாகும்.

ஆனால் எக்ஸ்ரேக்கு ஒரு நல்ல வாதம் உண்டு. அதில் டெஸ்ட், டெஸ்ட் எக்ஸிகியூஷன் (மேலே சொன்ன ரன்) எல்லாம் ஜிராவின் இஷ்யூக்களாகவே (பதிவுகளாகவே) இருக்கும். ஸ்டோரியைத் திறந்தாலே அதற்கு எந்த டெஸ்ட்கள், நிலை என்ன என்பது அங்கேயே தெரியும். டெவலப்பர்களும் டெஸ்ட் எழுதுகிற, படிக்கிற டீமாக இருந்தால் அந்தக் கூடுதல் காசு வீண் இல்லை.

விடைதேடி:
ரொம்ப நன்றி. யூடிஎஃப்-8 மாற்றியதும் தமிழ் சரியாக வந்துவிட்டது, ஸ்டெப்களும் ஒரே கேஸுக்குள் போயின. டெவலப்பர்கள் டெஸ்ட் கேஸைத் திறந்து பார்ப்பது அபூர்வம். ஆனால் பிரவுசரைத் தானாக ஓட்டிச் சோதிக்கும் ப்ளேரைட்டில் எழுதிய தானியங்கி டெஸ்ட்கள் கொஞ்சம் இருக்கின்றன, சிஐயில் (கோடைத் தானாக பில்ட் செய்து சோதிக்கும் அமைப்பில்) தினமும் ஓடுகின்றன. அதையும் இதே இடத்துக்குக் கொண்டுவர முடியுமா? இலவச மென்பொருள் எதையாவது எடுக்கலாமா என்றும் மேனேஜர் கேட்கிறார்.

பைப்லைன்:
முடியும். ப்ளேரைட்டில் ஜேயூனிட் ரிப்போர்ட்டர் உள்ளேயே இருக்கிறது, அது டெஸ்ட் முடிவுகளைப் பல கருவிகளும் படிக்கும் ஜேயூனிட் வடிவில் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பாகக் கொடுக்கும். டெஸ்ட்ரெயிலின் 'டிஆர்சிஎல்ஐ' என்ற கட்டளைவரிக் கருவி அந்தக் கோப்பைப் படித்து ரன் உருவாக்கி ரிசல்ட்டை ஏற்றிவிடும். எக்ஸ்ரேயும் ஜேயூனிட் கோப்பை ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) மூலம் வாங்கிக்கொள்ளும். எந்தத் தானியங்கி டெஸ்ட் எந்தக் கேஸுக்கு என்ற இணைப்பை முதலிலேயே முடிவு செய்யுங்கள். பெயரை மட்டும் நம்பினால், யாராவது டெஸ்டின் பெயரை மாற்றும் நாளில் பழைய வரலாறு அறுந்துபோகும். பெயருக்குள் கேஸ் எண்ணையும் எழுதி வைப்பதே பாதுகாப்பு.

இலவசம் என்றால் கிவி டிசிஎம்எஸ் பாருங்கள். திறந்த மூல டெஸ்ட் மென்பொருள், பைத்தான் ஜாங்கோவில் எழுதியது, உங்கள் சர்வரில் டாக்கர் மூலம் ஏற்றலாம், ஜேயூனிட் கோப்புக்கு ப்ளகின் உண்டு. டெஸ்ட்லிங்க் பெயரையும் பலர் சொல்வார்கள். அது பிஎச்பியில் எழுதிய பழைய மென்பொருள், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். எதுவானாலும் சர்வர், பேக்கப், அப்கிரேட் எல்லாம் உங்கள் தலையில்தான். அதற்கு ஆள் இருக்கிறாரா என்பதை மேனேஜரிடமே கேளுங்கள்.

பழையஅனுபவம்:
வாங்கும் முன் வெளியே வரும் வழியையும் சோதியுங்கள், இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். ட்ரையலில் ஏற்றிய கேஸ்களை எக்ஸ்போர்ட் செய்து, ஸ்டெப்கள், இணைப்புகள், ரிசல்ட் வரலாறு எல்லாம் வருகிறதா என்று பாருங்கள். எக்ஸ்ரே கிளவுடில் ஸ்டெப்கள் ஜிராவின் வழக்கமான ஃபீல்டுகளில் இல்லை. ஜிராவின் சாதாரண சிஎஸ்வி எக்ஸ்போர்ட்டில் அவை வராது, எக்ஸ்ரேயின் சொந்த வழியில்தான் எடுக்க வேண்டும்.

விடைதேடி:
சர்வரைப் பார்த்துக்கொள்ள எங்களிடம் ஆள் இல்லை, அதனால் கிவி வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. லைசென்ஸ் கணக்கைக் காட்டியதும் மேனேஜரும் டெஸ்ட்ரெயில் பக்கம் வந்துவிட்டார். அடுத்த ரிலீஸின் பேமென்ட் ரிக்ரஷனை அதில் ஓட்டுகிறோம், எக்செலில் அந்தப் பகுதியைப் பூட்டிவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம்: ரிலீஸுக்குப் பிறகு கேஸைத் திருத்தினால் பழைய ரன்னும் மாறிவிடுமா?

கோப்புக்காரர்:
ரன் திறந்திருக்கும் வரை கேஸில் செய்யும் திருத்தம் அதிலும் தெரியும். ரன்னை மூடிவிட்டால் அன்றைய நிலையிலேயே உறைந்துவிடும், அப்புறம் திருத்தம் அதைத் தொடாது. ஆனால் மூடியதை மறுபடி திறக்க முடியாது. அதனால் ரிலீஸ் வெளியான பிறகு, நிலுவை ரிசல்ட் எல்லாம் போட்டாகிவிட்டதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். மூடும் பொறுப்பை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள்.