ஜமக்காளம் தேடினால் கோரைப்பாய் முதலில் வருகிறது: தேடல் வரிசையைச் சீராக்குவது எப்படி?

கேள்வி:
வணக்கம். கைத்தறிப் பொருட்களுக்கான சிறிய இணையச் சந்தை ஒன்றின் தேடல் பகுதியைக் கவனித்து வருகிறேன். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளில் தலைப்பு, விளக்கம் அனைத்தையும் ஒரே புலமாக (தகவலைச் சேமிக்கும் ஒரே பகுதியாக) வைத்திருக்கிறோம். 'பவானி ஜமக்காளம்' என்று தேடுபவருக்கு, விளக்கத்தில் அச்சொல்லைப் பலமுறை எழுதிய கோரைப்பாய் முதலிலும், உண்மையான ஜமக்காளம் அடுத்த பக்கத்திலும் வருகின்றன. நெய்தவரின் உழைப்பு கண்ணில் படாமலே போவது வருத்தமளிக்கிறது. எங்கிருந்து தொடங்கலாம்?

மறுமொழி 1:
புலங்களைப் பிரிப்பதே முதல் வேலை. எலாஸ்டிக்சர்ச்சில் இயல்பாக அமைந்துள்ள, தேடலுக்கு ஒவ்வொரு முடிவும் எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பிடும் பிஎம்25 முறை, ஒரு சொல் திரும்பத் திரும்ப வருவதால் கூடும் மதிப்பை 1.2 என்ற அளவாலும், நீண்ட உரையின் சாதகத்தை 0.75 என்ற அளவாலும் கட்டுப்படுத்தினாலும், எல்லாம் ஒரே புலத்தில் கலந்திருக்கும்போது தலைப்பில் வந்த சொல்லுக்குத் தனி மதிப்பு கிடைக்காது. தலைப்புக்கும் பொருள்வகைக்கும் கூடுதல் எடை கொடுங்கள்.

மறுமொழி 2:
எழுத்து வேறுபாட்டையும் கவனியுங்கள். பலர் 'ஜமுக்காளம்' என்றே எழுதுவார்கள். அதை இணைச்சொல் பட்டியலில் சேர்க்க வேண்டும். 'ஜமக்காளத்தை', 'ஜமக்காளங்கள்' போன்றவை வேர்ச்சொல்லுக்குச் சுருக்கப்படாவிட்டால் தனித்தனிச் சொற்களாகவே நிற்கும்.

மறுமொழி 3:
சொடுக்குகளை மட்டும் நம்பி வரிசையை மாற்றாதீர்கள். மேலே இருப்பதாலேயே ஒரு பொருள் அதிகம் சொடுக்கப்படும் என்பதால், புதிய நெசவாளர் என்றும் கீழேயே தங்கிவிடுவார். அடிக்கடி தேடப்படும் சொற்களுக்கு முதல் 10 முடிவுகளை மனிதர்களைக் கொண்டு மதிப்பிட்டு, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே பட்டியலைக் கொண்டு ஒப்பிடுங்கள்.